எல்லாம் அடக்கம்

விலைப்பட்டியலை மூன்றாம் முறையும் வாசித்துவிட்டு நிஸ்ரின் அதை மேசையில் வைத்தாள்.

"சேர், நாங்க குடிக்கிற ஆக்கள் இல்ல. எங்கட ஆறு பேர்ல ஒருத்தரும் அதத் தொடமாட்டம். அந்தக் காசக் கழிப்பீங்களா?"

ஆலங்குடாக் கடற்கரை ஹோட்டலின் முகாமையாளர் சிரித்தார். கொழும்புக்காரர், தமிழ் நன்றாகவே வந்தது. "மிஸ், இது எல்லாம் அடங்கின பெக்கேஜ். சாப்பாடு, குடி, போட்டில டொல்பின் பார்க்கிறது எல்லாம் ஒரே விலை. குடிச்சாலும் குடிக்காட்டியும் அதேதான்."

ஆளுக்கு ஓர் இரவுக்கு இருபத்திரண்டாயிரம். கண்டக்குழிப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள் அவள். தொடாத சாராயத்துக்கும் காசு கட்டுவது எந்தக் கணக்கில் சேரும் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் காசு அவளுடையதல்ல. கட்டாரில் மூன்று வருடமாக லொறி ஓட்டும் தம்பி அஸ்மியுடையது. அடுத்த மாதம் லீவில் வருகிறான். "ராத்தா, வாப்பா ரெண்டு நாளைக்காவது சும்மா இருக்கணும், மத்தவன் கொண்டு வந்து வைக்கணும். குடுக்கிற காசுக்குப் பெறுமதியா எண்டு மட்டும் போய்ப் பாத்துச் சொல்லுங்க" என்று போனில் சொல்லியிருந்தான்.

தானும் வருகிறேன் என்று வாப்பா மீரா முகைதீன் காலையிலேயே வெளிக்கிட்டு நின்றார். ஜும்மாவுக்கு உடுக்கும் வெள்ளைச் சாரம், மடிப்புக் கலையாத சேர்ட், தொப்பி. இப்போது வெளியே விறாந்தையில், கடலைப் பார்த்துப் போட்டிருந்த பிரம்புக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். மெத்தையில் சாயவில்லை. விளிம்பில் இருந்தார்.

நிஸ்ரின் சாப்பாட்டு மண்டபத்தை எட்டிப் பார்த்தாள். மணிக்கட்டில் ஹோட்டலின் நீலக் கைப்பட்டி கட்டிய விருந்தாளிகள் தட்டுத் தட்டாக எடுத்துப் போனார்கள். ஒரு மேசையில் கடித்ததும் கடிக்காததுமாக நண்டுக் கால்கள் குவிந்து கிடந்தன. அதை அப்படியே வழித்து வாளியில் கொட்டினான் பரிமாறுகிறவன். களப்பிலே இடுப்பளவு தண்ணீரில் நின்று வாப்பா பிடித்த நண்டாகவும் இருக்கலாம். நாட்டுச் சண்டை முடிந்து இந்தக் கரையில் ஹோட்டல்கள் முளைத்தபோது ஊருக்கும் நாலு காசு வரும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஹோட்டல் வேலிக்கு வெளியே ஊர்க்காரி பவுலினா ரொட்டிக் கடை போட்டாள். உள்ளே எல்லாமே அடங்கிவிட்ட பிறகு, கைப்பட்டிக்காரர் எவர் வெளியே வந்து ரொட்டி வாங்குவார்? போன வருடம் கடையைப் பிரித்துத் தகரத்தை விற்றுவிட்டாள்.

விறாந்தையில் குரல் கேட்டது.

"மீரா நானா, இஞ்ச என்ன? நண்டு குடுக்கிற ஆக்கள் பின்பக்கத்தாலதானே வரணும். எழும்புங்க, இது கெஸ்ட் இருக்கிற இடம்."

காவலாளி றிஸ்வி. பக்கத்து ஊர்க்காரன்தான். நிஸ்ரின் வெளியே வருவதற்குள் வாப்பா எழுந்துவிட்டார். எழுந்ததோடு விட்டாரா, தான் இருந்த இடத்தை உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டியும் விட்டார், ஏதோ அழுக்குப் பட்டுவிட்டதுபோல.

அந்தக் கையைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

"அவர் நண்டு குடுக்க வரல்ல. இஞ்ச தங்கிறதுக்கு அறை பாக்க வந்திருக்காரு. என்ர வாப்பா."

றிஸ்வியின் முகம் செத்துப்போனது. பின்னாலேயே ஓடிவந்த முகாமையாளர், "சொறி அங்கிள், இருங்க, இருங்க" என்று கதிரையைத் தானே இழுத்து வைத்தார். செவ்விளநீர் கொண்டுவரச் சொல்லி உள்ளே பார்த்துக் கத்தினார். இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள். எழுப்பியதைவிட இந்த உபசாரம்தான் நிஸ்ரினுக்குப் பொறுக்கவில்லை.

"மரியாதையும் அந்த இருபத்திரண்டாயிரத்துக்குள்ள அடக்கமா சேர்?"

வாப்பா உட்காரவில்லை. "வா மகள்" என்று படியிறங்கினார்.

வாசலைத் தாண்டியதும் அவள் வெடித்தாள். "ஒரு சதத்துக்கும் பெறாது. வேணாம் எண்டு அஸ்மிக்கிட்டச் சொல்லிப்போடுறன்."

"ஏன் வேணாம்? கட்டச் சொல்லு."

அவள் நின்றுவிட்டாள்.

"தொண்ணூறில இயக்கக்காரனுகள் எங்கட சனம் எல்லாத்தையும் மன்னார விட்டே எழும்பச் சொன்னானுகள். உன்னையும் தூக்கிக்கொண்டு எழும்பி வந்தன். இது வெறும் கதிரை" என்றார் வாப்பா. குரலில் கோபமே இல்லை. "ஆனா காசு கட்டினா ரெண்டு நாளைக்கு என்னைய எழும்பச் சொல்லேலாதுதானே?"

"அதுக்கு இவ்வளவு காசா வாப்பா? அந்தப் பாலைவன வெயில்ல அவன் கிடந்து உழைக்கிறது இதுக்கா?"

"எனக்குத் தெரியாது மகள். நீதானே படிச்ச ஆள்."

ஓட்டோ நிற்கும் பக்கம் அவள் திரும்ப, அவர் மறுபக்கம் திரும்பினார். வேலி முடியும் இடத்தால் மணலில் இறங்கி, சாரத்தை முழங்கால்வரை மடித்துக் கட்டிக்கொண்டு, ஹோட்டலுக்கு நேர் முன்னால் அலை வந்து நனைக்கும் ஓரத்தால் கண்டக்குழிப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

வரிசையாய்ச் சாய்ந்து கிடந்த நீலக் கைப்பட்டிகளில் ஒரு வெள்ளைக்காரி, அவருக்கு வழிவிடுவதற்காகத் தன் கால்களை மடக்கிக்கொண்டாள். விறாந்தைப் படியில் றிஸ்வி, வெளியாட்களை விரட்ட ஊதும் விசிலை வாயில் வைத்தபடி நின்றான். முகாமையாளரைப் பார்த்தான், பிறகு வேலி முடியும் இடத்தில் நின்ற நிஸ்ரினைப் பார்த்தான். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அவன் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காமலே வாப்பாவின் பின்னால் மணலில் கால் வைத்தாள்.