நாகமணி என்று எழுதிய சட்டை

துஷானி குடித்துப்போட்ட கோப்பிக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டு குப்பைத்தொட்டியைத் தேடியபோதுதான், வாசல் கண்ணாடிக்கு அப்பால் அந்த இரண்டு பேரையும் கண்டாள். ஒருவர் ரோனி. மேப்பிள் றவீன் ஹைஸ்கூலின் தலைமைக் கெயார்ரேக்கர், பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைத்துப் பூட்டித் திறக்கிறவர்களுக்கெல்லாம் பெரியவர். மற்றவர் அவளுக்கு வரலாறு படிப்பித்த மிசிஸ் ஹொல்ட். கையில் பூங்கொத்து.

பிரேதங்களைப் பார்வைக்கு வைக்கும் அந்தப் பியூனரல் ஹோமின் வாசலில் இருந்த கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்துகளைக் குத்தி, உள்ளே கிடந்த இரண்டு பேரின் பெயரைப் போட்டிருந்தார்கள். அறை ஒன்று, மக்கின்ரயர். அறை இரண்டு, மகேஸ்வரன். ரோனி பலகையைப் பார்த்தார். கையிலிருந்த துண்டுக் காகிதத்தைப் பார்த்தார். திரும்பவும் பலகையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர்கள் தேடி வந்தது மிஸ்ரர் நாகமணியை. பலகையில் அப்படி ஒரு ஆளே இல்லை.

நவரட்ணம் மாமாவைக் குறை சொல்லிப் பயனில்லை. நேற்றுப் பியூனரல் ஹோம்காரன் நீட்டிய படிவத்தில் அவர் எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயரை முதலிலும் செத்தவர் பெயரைக் கடைசியிலும் எழுதினார். கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்று அவன் பலகையில் ஏற்றிவிட்டான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் விமான நிலையத்தில் வேறொருவன் இதையே தலைகீழாகச் செய்திருந்தான். அன்றிலிருந்து துஷானியின் அப்பா மகேஸ்வரன் கனடாவில் மிஸ்ரர் நாகமணி. பிறகு, பெயர் நீளமென்று, மிஸ்ரர் நாகா. பள்ளிக்கூடம் கொடுத்த நீலச் சட்டையின் பையிலும் நாகமணி என்றுதான் நூலால் தைத்திருந்தது. மகேஸ்வரனின் தகப்பனான அந்த நாகமணி ஐந்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்ட மனிதர். “அப்பர் ஹைஸ்கூலுக்கு வெளிக்கிட்டாச்சு,” என்று சட்டைப் பொத்தானைப் பூட்டியபடி மகேஸ்வரன் தினமும் சொல்லுவார். தினமும் மனைவி கோணேஸ்வரி சிரிப்பாள்.

மாமா பள்ளிக்கூடத்துக்கு ரெலிபோன் எடுத்தபோது சம்பளத் துண்டில் இருந்தபடி நாகமணி என்று சொல்லியிருந்தார். இப்போது ரோனியும் மிசிஸ் ஹொல்ட்டும் கார்த் தரிப்பிடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பேசாமல் நின்றால் போய்விடுவார்கள். துஷானிக்கு அது தெரிந்தது. மூன்று நாளாக நித்திரையில்லாத தலைக்குள் அது மட்டும் நன்றாக விளங்கியது. ஒன்றும் செய்யத் தேவையில்லை, நின்ற இடத்தில் நின்றால் போதும். அதில் அவளுக்கு ஐந்து வருடப் பழக்கம் இருந்தது.

அவள் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது தொண்ணூற்றிரண்டில். மகேஸ்வரனுக்கு அங்கே வேலை கிடைத்ததால்தான் சென் ஜேம்ஸ் ரவுணை விட்டு மோர்னிங்சைட்டுக்கு வந்தார்கள். அவருக்குப் பின்னேர வேலை, இரண்டரைக்குத் தொடங்கும். அவளுக்கு மூன்றேகாலுக்கு மணி அடிக்கும். முக்கால் மணி நேரம்தான். நீளமான துடைப்பத்தைத் தள்ளிக்கொண்டு அவர் ஒரு பக்கத்தால் வருவார், அவள் மறுபக்கத்தால் போவாள்.

பத்தாம் வகுப்பில் ஒருநாள் அவளுடைய லொக்கர் இறுகிக்கொண்டது. கூட நான்கு சிநேகிதிகள். அதில் இரண்டு பேர் தமிழ்ப் பிள்ளைகள், அன்றைக்குத்தான் அவளோடு சேரத் தொடங்கியவர்கள். யாரோ போய்ச் சொல்ல, மகேஸ்வரன் குறட்டோடு வந்தார். ஒரு இழுப்பில் திறந்தது. தமிழ்ப் பிள்ளைகள் இரண்டும் “தாங்க்யூ அங்கிள்,” என்றன. அவருக்கு அங்கே எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லும். துஷானியும் சொன்னாள்.

“தாங்க்யூ அங்கிள்.”

அவர் ஒரு கணம் குறட்டைப் பார்த்தார். “ஓம் பிள்ளை, பரவாயில்லை,” என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தைத் தள்ளிக்கொண்டு போனார். வீட்டில் அதைப்பற்றி ஒரு சொல் பேசவில்லை. அடுத்த நாள் காலை வழமைபோலப் பாணுக்குப் பட்டர் பூசி வைத்தார். அவளும் பேசவில்லை. வெட்கம் முதலில் அவருடைய வேலையை நினைத்து வந்தது, பிறகு தான் சொன்னதை நினைத்து வந்தது, இரண்டாவதற்கு மருந்து கிடைக்கவே இல்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மிச்ச வருடங்களும் ஓடி, அவள் படித்து முடித்து யூனிவர்சிற்றிக்கும் போய்விட்டாள். இந்தத் திங்கட்கிழமை விடிய, விடுமுறைக் காலத்துக் காலை வேலைக்கென்று சப்பாத்து நாடா கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஐம்பத்திரண்டு வயது.

ரோனி கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

துஷானி கோப்பைகளை யன்னல் கட்டில் வைத்துவிட்டுக் கதவைத் தள்ளினாள். ஓகஸ்ட் வெயில் முகத்தில் அடித்தது.

“துஷானி! துஷானி மகேஸ்வரன்!” மிசிஸ் ஹொல்ட்டுக்குப் பெயர் மறக்கவில்லை. ஆனால் அவர் கண் பலகைக்குப் போய்த் திரும்பியது. “ஐயோ, மகேஸ்வரன். உன் குடும்பத்திலா? மன்னித்துக்கொள், எங்களுக்குத் தெரியாது. நாங்கள் வேறொருவரைப் பார்க்க வந்தோம். மிஸ்ரர் நாகா, எங்கள் கெயார்ரேக்கர். உனக்கு ஞாபகம் இருக்கும்.”

“இருக்கிறது,” என்றாள் துஷானி ஆங்கிலத்தில். “அவர் உள்ளேதான் இருக்கிறார்.”

“இங்கேயா? இரண்டு பேருமா?”

“ஒருவர்தான். அவர் என்னுடைய அப்பா.”

மிசிஸ் ஹொல்ட் பூங்கொத்து நசிய அவளைக் கட்டிப்பிடித்தார். ரோனி அசையாமல் நின்றார். போர்த்துக்கல்லில் இருந்து வந்த கட்டை மனிதர், ஆறு வருடம் மகேஸ்வரனோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டவர். “உன்னுடைய லொக்கர் நூற்றுப் பதினேழு,” என்றார். “கதவு இறுகும்.”

அறைக்குள் மகேஸ்வரன் பட்டு வேட்டியோடு கிடந்தார். பியூனரல் ஹோம்காரர் பூசிவிட்ட நிறம் அவருடைய நிறமில்லை. ரோனி கிட்டப் போய்ச் சிலுவை போட்டுக்கொண்டு, அந்தக் கைகளை நீண்ட நேரம் பார்த்தார். முதல் வரிசைக் கதிரையில் கோணேஸ்வரி கால் வீங்கி இருந்தாள். அழுது முடித்தவளில்லை, களைத்துப்போய் நிறுத்தியிருந்தாள்.

“ஆர் பிள்ளை உவை?”

“பள்ளிக்கூடத்து ஆக்கள் அம்மா. இவ எனக்குப் படிப்பிச்சவ.”

“உனக்குப் படிப்பிச்சவவோ?” கோணேஸ்வரி எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. மிசிஸ் ஹொல்ட்டின் கையைப் பிடித்துப் பக்கத்துக் கதிரையில் இருத்தினாள். “அப்ப அவவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். தகப்பனும் மகளும் ஒரே பள்ளிக்கூடம் எண்டு அவருக்குச் சரியான புளுகம். காணுற ஆக்களுக்கெல்லாம் உன்னைப்பற்றித்தானே சொல்லித் திரிஞ்சிருப்பார். கேளன் பிள்ளை, என்ன சொல்லுறவர் எண்டு கேளன்.”

“அம்மா, பிறகு கேப்பம்.”

“இப்ப கேள். பிறகு எங்கை உவையைக் காணப்போறன்?”

துஷானி நின்றபடியே மொழிபெயர்த்தாள். தகப்பனும் மகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எல்லோரிடமும் என்னைப்பற்றிச் சொல்லியிருப்பார் என்று அம்மா நினைக்கிறா. என்ன சொல்லுவார் என்று கேட்கிறா. ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தன் குரல் வேறு யாரோ அறிவித்தல் வாசிப்பதுபோலக் கேட்டது.

மிசிஸ் ஹொல்ட் அவளைப் பார்த்தார். ரோனியைப் பார்த்தார். மக்கின்ரயர் வீட்டு அறையிலிருந்து யாரோ இருமுவது கேட்டது.

ரோனிதான் வந்து கோணேஸ்வரி முன்னால் குந்தினார். “மிகவும் கெட்டிக்காரி என்று சொல்லுவார்,” என்றார். “எப்போதும் அதுதான் சொல்லுவார்.”

“கெட்டிக்காரி எண்டு சொல்லுறவராம்,” என்றாள் துஷானி.

கோணேஸ்வரி தலையை ஆட்டினாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. பிறகு அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. “திறப்புக்கோர்வை வீட்டிலை கிடக்கு. பள்ளிக்கூடம் முழுக்கத் திறக்கிற திறப்பு. அதைக் குடுக்காமல் அவரை அனுப்பேலாது. மனுசன் லீவு எடுத்தாலும் போய்க் குடுத்திட்டுத்தான் படுக்கும்.”

அவசரமில்லை, பிறகு வாங்கலாம் என்று ரோனி சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. கடைசியில், நாளைக்குக் காலை எட்டு மணிக்குத் துஷானி கொண்டுவந்து கொடுத்துவிட்டு லொக்கரில் இருக்கும் சாமான்களையும் எடுத்துப்போவது என்று முடிவாகியது. கிரியை பதினொரு மணிக்கு.

வாசல்வரை கொண்டுபோய் விட்டபோது ரோனி நின்றார். “ஒருமுறை கேட்டேன். உன் மகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்று. டவுண்ரவுணில் என்றார்.” காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த நாள் காலை, வெள்ளைச் சேலையோடு துஷானி மாமாவின் வானில் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். “பத்து நிமிசம்தான் பிள்ளை, ஐயர் ஒன்பதரைக்கு வந்திடுவார்,” என்று மாமா எஞ்சினை நிறுத்தாமலே சொன்னார்.

விடுமுறைப் பள்ளிக்கூடம் மெழுகு மணத்தது. கதிரைகளையெல்லாம் வெளியே எடுத்து நடைவழியோடு அடுக்கியிருந்தார்கள். ரோனி திறப்புக்கோர்வையை வாங்கி எண்ணாமல் இடுப்பில் கொளுவினார். கீழே கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் மகேஸ்வரனின் லொக்கர் இருந்தது. நாகமணி என்று தைத்த சட்டை இரண்டு. சூடு காக்கும் போத்தல். விபூதிப் பொட்டலம். ஒரு சோடி ரப்பர் செருப்பு. கதவின் உட்பக்கத்தில் மற்றவர்கள் பிள்ளைகளின் படங்களை ஒட்டியிருந்தார்கள். அவருடையதில் வேலை நேர அட்டவணை ஒன்றுதான் இருந்தது. அவள் சட்டைப் பைகளுக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தாள். ஒரு பென்சில் துண்டு வந்தது.

“முன்வாசலால் போ,” என்றார் ரோனி. “பின்பக்கம் மெழுகு காயவில்லை.”

முன்வாசலுக்குப் போகிற நடைவழியில்தான் படங்கள். அறுபத்துமூன்றில் இருந்து ஒவ்வொரு வருடமும் படித்து முடித்தவர்களை ஒரு சட்டத்துக்குள் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். மொத்தம் முப்பத்தாறு. முதல் படத்தில் முப்பத்தொரு பேர், எல்லாம் சுற்றுவட்டப் பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், எல்லாருக்கும் ஒரே மாதிரி வகிடெடுத்த தலையிழுப்பு. எழுபதுகளில் முடி நீண்டது, இத்தாலிப் பெயர்கள் வந்தன. பிறகு கரிபியன் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள். தொண்ணூறுக்குப் பிறகு முகங்களைச் சிறிதாக்கியும் இடம் காணவில்லை. தமிழ்ப் பெயர்களை இரண்டு வரியாக முறித்து அச்சடித்திருந்தார்கள்.

“போன வெள்ளிக்கிழமை முழுக்க இதில்தான் நின்றார்,” என்று ரோனி பின்னாலிருந்து சொன்னார். “செப்ரெம்பருக்கு முன்னம் ஒவ்வொன்றையும் கழற்றித் துடைத்துப் போடுவார். நான் ஒருநாளும் சொன்னதில்லை.” அவருடைய இடுப்பில் ரெலிபோன் அடித்தது. அவர் அலுவலகப் பக்கம் போனார்.

துஷானி தான் படித்து முடித்த தொண்ணூற்றேழின் முன்னால் நின்றாள். மூன்றாவது வரிசை, இடமிருந்து ஆறாவது. பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றது பிள்ளை.

கண்ணாடியில் முகத்தை வைத்துச் சரிவாகப் பார்த்தாள். பிறகு தொண்ணூற்றாறைப் பார்த்தாள், தொண்ணூற்றெட்டைப் பார்த்தாள். நடந்துபோய் எழுபத்திரண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். என்ன தேடுகிறாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு படம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடத் துலங்க வேண்டும். ஒரு சட்டத்தின் மூலை கூடத் தேய்ந்திருக்க வேண்டும். ஒரு விரல் அடையாளம் என்றாலும் போதும்.

எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. நான்கு மூலையும் ஒரே அளவாகத் துடைத்து, ஒரே மட்டத்தில் தொங்கின. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு படிந்த மெழுகுத் தூசியும் எல்லாவற்றிலும் ஒரே அளவாகத்தான் இருந்தது. ஆளில்லாத பள்ளிக்கூடத்தில், ஒருவரும் பார்க்காத வெள்ளிக்கிழமையிலும், அவர் அங்கிளாகத்தான் நின்றிருக்கிறார்.

அவள் தன் முகத்துக்கு மேல் விரலை வைத்தாள். எடுத்தபோது கண்ணாடியில் அடையாளம் விழுந்திருந்தது. ஊதிவிட்டுச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். தூசியும் சேர்ந்து போய்விட, அந்தப் படம் மட்டும் வரிசையில் தனியாகப் பளிச்சென்று தெரிந்தது.

அவள் சட்டைப் பொதியை நிலத்தில் வைத்தாள். தொண்ணூற்றெட்டைத் துடைத்தாள். பிறகு தொண்ணூற்றாறை, மூலையிலிருந்து மூலைக்கு.

வெளியே மாமா ஹோர்ன் அடித்தார். அவள் தலைப்பை மறுபக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு தொண்ணூற்றைந்துக்குப் போனாள்.