முதற்கோப்பை ஆறிய வீடு

இங்கிலாந்தின் நார்ஃபோக்கு வட்டாரத்து ஈரவயல்கள்மேல் குளிர்கால மாலை ஈயத்தகடுபோற் கவிந்து கிடந்தது. இலையுதிர்ந்த மரங்களில் அடங்கவந்த காகங்களும் ஒலியவிந்திருந்தன. அவற்றிற்கப்பால், கருந்துணி கட்டிய வாயிலோடும் திரையிழுத்த பலகணிகளோடும் தார்ன்பிக் கோமான்களின் மாளிகை நினைவிழந்த முதியோன்போல் நின்றது.

படிப்போரே, முன்னொரு போரில் அரசனுக்குப் பொன்னீந்த வங்கியர் குடி அது. அப்பொன்னுக்கு ஈடாய்ப் பெற்ற கோமான் பட்டமோ ஆண்வழி மட்டுமே இறங்குவது. மாளிகையும் வங்கித் தலைமையும் நாயோடு வால்போல் அதனோடே செல்வன. வேனிலிறுதியில் கோமான் இறந்தபோது அவர் மனைவி சூலுற்றிருந்தாள். பிறப்பது ஆணாயின் தொட்டிற்குழவியே கோமான். பெண்ணாயின் இறந்தவரின் தம்பி எட்மண்டு. அதனால் இத்தனை திங்களும் பட்டம் எவர் தலையிலும் அமராது தொங்கிற்று. முதற்கோப்பைத் தேநீர் கோமானுக்கே என்பது அம்மனை வழக்கு. முதுபணியாளன் டாபின் நாள்தோறும் அதை வெற்று நாற்காலியின்முன் வைத்து, ஆறியபின் எடுத்துச் செல்வான்.

மூத்தமகள் உர்சுலா, தந்தையின் நோய்க்காலமெல்லாம் அவருக்காக வங்கியை நடத்தியவள். தம்பியொருவன் பிறந்தால், அவன் வளருங்காறும் தாயின் பெயரால் அப்பணி அவள் கையில் நிற்கும். தன் பிழைப்புக்காக இன்னும் பிறவாதவோர் ஆணை வேண்டி நிற்கும் இழிவு அவள் நெஞ்சை அரமாய் அராவிற்று.

மேல்மாடியில் தாய் நோவுற்றிருக்க, கீழே மேசையருகில் எட்மண்டு மீசையை நீவிக்கொண்டிருந்தார்.

“நீ கெட்டிக்காரிதான் உர்சுலா, யாரு இல்லேன்னா? மீசைதான் முளைக்கல.”

“மீசைதான் தகுதின்னா, சித்தப்பா, நம்ம ஆட்டுக்கிடாவுக்குத் தாடியே இருக்கு. அதைக் கொண்டுபோய் வங்கியில உக்கார வைங்க.”

“வாயி உங்கப்பன் வாயி.”

“வாயி மட்டுந்தானே இறங்கியிருக்கு.”

அப்போது மேலே குழவியொன்று வீறிட்டது. படியிறங்கிவந்த செவிலி, எவர் முகத்தையும் நோக்காது டாபினின் செவியில் ஒருசொல் கூறிச் சென்றாள். டாபினின் முகத்தில் ஒரு மடிப்பும் அசையவில்லை. வெற்று நாற்காலியின்முன் இருந்த கோப்பையை எடுத்தான்; எட்மண்டின் பக்கம் வந்து குனிந்தான்.

“தேநீர் ஆறிப்போச்சுங்க, பிரபு. புதுசா ஊத்தறேன்.”

ஆணா பெண்ணா என்று அதன்பின் எவரும் வினவவில்லை.

உர்சுலா படியேறினாள். தாய் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள்.

“கீழ என்ன பண்றாங்க?”

“தேநீர் குடிக்கிறாங்கம்மா.” உர்சுலா தொட்டிலருகே குனிந்தாள். “பாப்பாவுக்கு என்ன பேரு?”

“பையன் பேருதான் வச்சிருந்தேன்,” என்றாள் தாய், சுவரை நோக்கியபடியே.

கீழே கோப்பைகள் ஒலித்தன. மண்ணில் விழுந்த கணமே ஒரு குடியின் பட்டத்தை இடம்பெயர்த்த அப்பெண்மகவு, தான் செய்த குற்றம் இன்னதென்று அறியாது, அக்காளின் விரலை இறுகப் பற்றிற்று. பற்றுதற்கு அம்மாளிகையில் அதற்கு வேறொன்றும் இருந்திலது.