நல்ல கண்ணுக்கு மருந்து

"என்னாங்க இது, ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்குது?"

"ஒரே மாதிரி இருந்தா நல்லதுதானே."

"வெளையாடாதீங்க. வெண்பா, இப்பிடித் திரும்புடி."

பூர்ணிமா மகளின் முகத்தை வாசல் வெயிலுக்குத் திருப்பினாள். வெண்பாவின் இடது கண் சோம்பேறிக் கண். வலது கண்ணை மங்கலாக்கினால்தான் அது வேலை செய்யப் பழகும் என்று டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருந்தார். வயது ஏறிவிட்டால் கஷ்டம் என்றும் சொல்லியிருந்தார். அந்த மருந்து பட்டால் வலது கண்பாவை வெயிலிலும் சுருங்காது. ஒரு கண்ணில் நண்பகலும் மறுகண்ணில் அந்தியுமாக நிற்பாள் குழந்தை.

இன்று இரண்டிலும் நண்பகல்.

பூர்ணிமா வேலைக்கு விடியலில் நல்லூர் பஸ்ஸைப் பிடித்தால் இருட்டித்தான் திரும்புவாள். பகலில் மகள் முகத்தைப் பார்ப்பது ஞாயிறு மட்டும்தான்; போன ஞாயிறும் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள். காலையில் சொட்டு விடுவது கணவன் அர்ச்சுனன் பொறுப்பு.

"தெனமும் ஊத்துனீங்களா, இல்லியா?"

"ஊத்துனேன்."

"எத?"

அவன் சட்டைப்பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்தான். பீங்கான் சூளை அனலில் கண் காய்ந்துபோகாமல் இருக்க அவன் போட்டுக்கொள்ளும் சொட்டு.

"ஒண்ணும் பண்ணாது பூர்ணிமா."

"அதத்தான் நானும் சொல்றேன். ஒண்ணும் பண்ணாது!"

"அந்த மருந்த ஊத்துனா புள்ள செவுத்தத் தடவுது. சூளையாண்ட காய வச்ச கப்பு மேலயே போயி வுழுந்துச்சு. எல்லாரும் சிரிக்கிறானுங்க. தெரியிற கண்ண நானே கெடுக்கணுமா?"

பூர்ணிமா வெண்பாவின் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள்.

"காலண்டர்ல என்னா தேதி?"

வெண்பா கழுத்தை நீட்டினாள். கண்ணாடி மூக்கில் இறங்கியது.

"செவப்பா இருக்குது."

"நம்பரு?"

"செவப்பா... பெருசா..."

"போன மாசம் இங்கேருந்தே படிச்சாளே!" பூர்ணிமா கையை எடுத்தாள்.

அர்ச்சுனன் காலண்டரையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தான். பூர்ணிமா அலமாரியிலிருந்து டாக்டர் கொடுத்த மருந்தை எடுத்து வந்து அவன் கையில் திணித்தாள்.

"டாக்டராண்ட நான் பேசிக்கிறேன். இப்ப நீங்களே ஊத்துங்க."

அவன் உட்கார்ந்து மகளை மடியில் சாய்த்தான். கண்ணாடியைக் கழற்றி வலது இமையை விரித்தான். பாட்டிலின் முனையில் துளி திரண்டு நின்றது.

வெண்பா அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஒன்னோடத ஊத்துப்பா."