முன் சென்சார் மாற்றப்பட்டது

1

இந்தக் கதை குற்ற உணர்ச்சியிலிருந்து பிறந்தது என்று எழுதினால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். உண்மையில் மூன்று சொற்களிலிருந்து பிறந்தது. தலைப்பில் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றையும் எழுதியவன் நான். இருபது வருடமாக எழுதுகிறேன், வாசகரே. நான் எழுதியதை அப்படியே நம்பி ஒருவர் ஒரு காரியத்தில் இறங்கியது இதுதான் முதல் தடவை. அதுவும் தப்பான காரியம்.

பட்டறை அத்தானுடையது, அதாவது என் அக்காவின் கணவருடையது. கார்களைத் தூக்கி நிறுத்த இரண்டு லிஃப்ட், ஒரு கம்ப்ரசர், மூலையில் கண்ணாடி அடைத்த சின்ன ஆபீஸ். ஆபீஸில் உட்கார்ந்து ஜாப் கார்டு எழுதுவது அக்கா. என்ன வண்டி, என்ன கோளாறு, என்ன செய்தார்கள் என்று எழுதி, வேலை பார்த்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டதால் அந்த நாற்காலி ஒரு மாதத்துக்கு எனக்கு வந்தது. "எழுதுறதுதானே உன் பொழப்பு, போய் எழுது" என்றாள்.

2

கதையை மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"கரும்புகைக்கு நடுவே அவர் நின்று—" இல்லை. அந்த வண்டியில் புகையே வரவில்லை.

"வெப்பம் என்பது அனுபவமா, வெறும் எண்ணா என்ற கேள்வி நம்மை—" எங்கேயும் கொண்டுபோகாது.

"மீட்டரின் கைகள்—" மெக்கானிக்கைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கைகளில்தான் பேனா போய் நிற்கும். மீட்டருக்குக் கைகள் இருந்தன, இரண்டு. மேலே போவோம்.

மீட்டர் என்பது பட்டறையின் எலெக்ட்ரீஷியனுக்கு வைத்த பட்டப்பெயர். மின்சாரம் அளக்கும் மீட்டர் எப்போதும் கழுத்தில் தொங்கும். அது அவருடைய சொந்த மீட்டர். பதினோரு வருடமாக அத்தானிடம் வேலை. என்னை ரைட்டர் என்று கூப்பிடுவார். அதில் பாராட்டு எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று அளக்க என்னிடம் மீட்டர் இல்லை. (இந்த வரியை நீக்கச் சொல்லி மனசாட்சி சொன்னது. வைத்துக்கொள்கிறேன்.)

3

புதன்கிழமை காலை ஒரு நர்ஸ் வந்தார். வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்றுபவர். அவருடைய டீசல் காரை நம்பித்தான் பல வீடுகளில் காத்திருக்கிறார்கள்.

"மேடு ஏறும்போது திடீர்னு இழுக்க மாட்டேங்குது. மஞ்சள் லைட் எரியுது. அணைச்சுப் போட்டா சரியாயிடுது" என்றார்.

மீட்டர் ஸ்கேனரைச் செருகினார். புகைக்குழாயின் சூட்டை அளக்கிற சென்சார் பழுது என்று அது சொன்னது. அங்கே இரண்டு சென்சார்கள் உண்டு. புகையில் வரும் கரியை, அதாவது மசியை, பிடித்துவைக்கும் ஃபில்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. சேர்ந்த மசியை வண்டி தானே எரித்துக்கொள்ளும். அதற்குக் குழாய்க்குள் எவ்வளவு சூடு என்று தெரிய வேண்டும். சென்சார் உளறினால் வண்டியின் கம்ப்யூட்டர் பயந்துபோய் இஞ்சினை அடக்கிவிடும். இதற்கு மேல் எனக்கும் தெரியாது.

ஸ்கேனர் குற்றம் சாட்டியது முன்னால் இருந்த சென்சாரை. மீட்டர் அதன் பிளக்கைக் கழற்றி அளந்தார். சுடுகாற்று ஊதும் ஹாட் கன்னால் சூடு காட்டி மறுபடி அளந்தார். எண் எங்கேயும் குதிக்காமல் சீராக மாறியது, சென்சாரில் குறை இல்லை. பிறகு நர்ஸிடம் ஏதோ கேட்டார். மூன்று மாதத்துக்கு முன்பு வேறொரு பட்டறையில் அந்தச் சென்சாரைப் புதிதாகப் போட்டார்களாம்.

மீட்டர் ஆபீஸ் கண்ணாடியைத் தட்டினார். "ரைட்டரே, எழுதிக்கங்க. முன்னாடி சென்சார் மாத்தியாச்சு. இனிமே வயர்தான் பாக்கணும்."

4

இந்த இடத்தில் கதையை நிறுத்திக்கொண்டு கொஞ்சம் இலக்கணம் பேச வேண்டியிருக்கிறது. மன்னியுங்கள்.

'முன்னாடி' என்று மீட்டர் சொன்னது, ஏற்கெனவே என்ற பொருளில். வேறு யாரோ, எப்போதோ மாற்றிவிட்டார்கள், ஆகவே சென்சாரை விட்டுவிட்டு வயரைப் பார்ப்போம் என்று அர்த்தம். நான் அதை அப்படியே எழுதியிருந்தால்கூட, படிக்கிறவர் எந்த முன்னாடி என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். என் பேனாவுக்கு அது பேச்சு வழக்காகத் தெரிந்தது. கார்டு என்றாலும் எழுத்து எழுத்துதானே என்ற மிடுக்கில், சுத்தமான தமிழில் திருத்தினேன்:

முன் சென்சார் மாற்றப்பட்டது.

திருத்தியதில் 'எப்போது' காணாமல் போய் 'எங்கே' உட்கார்ந்துகொண்டது. செயப்பாட்டு வினை வந்ததால் யார் மாற்றினார்கள் என்பதும் போய்விட்டது. அதே நேரம் போன் அடித்தது. வயர் பற்றிய வாக்கியம் கார்டுக்கு வந்து சேரவேயில்லை.

கீழே மீட்டர் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. அக்கா எழுதும்போதும் அவர் படித்ததில்லை, படிக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

உடனே சாலையில் நின்றுபோன ஒரு வேனைப் பார்க்க அவரை அனுப்பிவிட்டார்கள். மாலையில் அத்தான் கார்டைப் பார்த்தார். ஸ்கேனரில் பழுதை அழித்து, தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார், லைட் வரவில்லை. "முன் சென்சார் புதுசு போட்டாச்சு, தைரியமா போங்க" என்று நர்ஸிடம் சாவியைக் கொடுத்தார். மறுநாள் வண்டியைக் காணாத மீட்டர், வயரை அத்தானே பார்த்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

5

வெள்ளிக்கிழமை நர்ஸ் திரும்பி வந்தார். பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்திருக்கிறது. ஒரு வீட்டில் ஊசி ஒரு மணி நேரம் தாமதம். "அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகல. ஆகியிருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

அத்தான் வண்டியைத் தூக்கிப் பார்த்தார். முன் சென்சார் நிறம் மாறி, மரையில் துரு ஏறி இருந்தது. இரண்டு நாளில் அந்தத் துரு வராது. கார்டோடு மீட்டரிடம் போனார். நர்ஸ், வேறு இரண்டு வாடிக்கையாளர்கள், பட்டறை ஆட்கள், எல்லாரும் இருந்தார்கள்.

"புதுசு போட்டதா கார்டுல இருக்கு. எங்க அது?"

"நான் போட்டேன்னு எப்பண்ணே சொன்னேன்?"

"கையெழுத்து உன்னுதா இல்லையா?"

"என்னுதுதான்."

"அப்ப பொய் சொல்லிட்டு எவ்வளவு நாளா வேலை பாக்கறே?"

மீட்டர் கார்டை வாங்கிப் படித்தார். பிறகு ஆபீஸ் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"அது நான் எழுதினது, அத்தான்" என்று நான் சொன்னேன்.

இல்லை. சொல்லவில்லை. மேலே உள்ள வரி இந்தக் கதையின் ஐந்தாவது பிரதியில் வந்து சேர்ந்தது. அன்று நான் ஸ்டேப்ளருக்குள் பின்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே நிறைய பின் இருந்தது. ஐந்து சொல்கூட இல்லாத வாக்கியம். எனக்கு வாயில் வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மீட்டர் சட்டையை மாற்றிக்கொண்டு, கழுத்தில் மீட்டரோடு வெளியே போனார், பிறகு வேலைக்கு வரவில்லை. அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று அந்தப் பாத்திரத்தின் உள்ளே போய்ப் பார்க்க முயன்றேன். கதவு திறக்கவில்லை.

6

அத்தான் புதிய சென்சாரை வாங்கிப் போட்டார். மறுநாளே மஞ்சள் லைட் வந்தது. பிறகு மீட்டர் இல்லாமல் அவரே இரண்டு நாள் வண்டிக்கு அடியில் படுத்துக் கண்டுபிடித்தார்: வயரைப் பிடித்திருந்த கிளிப் ஒன்று விழுந்திருந்தது. வயர் குழாயில் சாய்ந்து, மேலுறை உருகி, உள்ளே இழை அறுந்திருந்தது. வண்டி ஆறியிருக்கும்போது ஒட்டிக்கொள்ளும். சூடேறி அதிர்ந்தால் விட்டுப்போகும். புது வயர் இழுத்து, சூடு தாங்கும் உறை போட்டு, கிளிப் மாட்டினார். நர்ஸ் இப்போது நிம்மதியாகப் பாலம் ஏறுகிறார்.

அன்று சாயங்காலம் அத்தானிடம் சொல்லிவிட்டேன். ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எதுவும் உதவவில்லை.

"தெரியும் மாப்ள" என்றார் கையைத் துடைத்துக்கொண்டே. "மீட்டர் வாயில 'மாற்றப்பட்டது'ன்னு வருமா? அன்னைக்கு ராத்திரியே புரிஞ்சுது."

"அப்புறம் ஏன் கூப்பிடல?"

"எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன்ல. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? அக்காகிட்ட வாயத் தொறக்காத. மீட்டர் லீவுல இருக்கான்னு சொல்லியிருக்கேன்."

ஆக, கோழை நான் மட்டும் இல்லை. அந்த ஆறுதல் அரை நாள்தான் தாங்கியது. மறுநாள் மீட்டர் வீட்டுக்குப் போனேன். கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என் வாக்கியம், என் திருத்தம், என் செயப்பாட்டு வினை என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். முழுதும் கேட்டார்.

"உங்க வரிய விடுங்க ரைட்டரே. அதுக்கு அவ்ளோ பவர் இல்ல" என்றார். "பதினோரு வருஷம் கூடவே இருந்திருக்கேன். சந்தேகம் வந்தா தனியா கூப்பிட்டு, என்னப்பா இதுன்னு கேக்கணுமா வேண்டாமா? கார்டை நம்புனாரு, என்னைய நம்பல."

"அத்தான் வந்து பேசினா?"

"அவரு வரட்டும். நீங்க வந்ததுக்கெல்லாம் நான் வர முடியாது. வேற ஒரு பட்டறையில கூப்பிட்டிருக்காங்க. திங்கக்கிழமையிலேர்ந்து."

எவ்வளவு பெருமையாக என் குற்றத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அதையும் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டார்.

7

முடிவுகள். ஒன்று: நர்ஸ் நடுவில் நின்று சமாதானம் செய்துவைக்கிறார். அவருக்கு வேறு வேலை இருக்கிறது. இரண்டு: மீட்டர் திங்கட்கிழமை புதுப் பட்டறையில் முதல் வண்டியின் பானெட்டைத் திறக்கும்போது அவர் மனதில்— மனம் பூட்டியிருக்கிறது, முன்பே சொன்னேன். மூன்று: அத்தான் தானாகக் கிளம்பிப் போகிறார். எழுதினேன், நன்றாகவே வந்தது. ஆனால் அத்தான் கதை படிப்பவர் இல்லை. நான் எழுதினேன் என்பதற்காக அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதும் இல்லை.

என்னுடைய கதைகளை ஒரு வரி விடாமல் படிக்கிற ஆள் ஒருவர்தான் இருக்கிறார். எழுத்துப் பிழைக்காகத்தான் படிக்கிறார், ஆனாலும் படிக்கிறார். அதனால் 'வாசகரே' என்று இதுவரை கூப்பிட்டது உன்னைத்தான், அக்கா.

மீட்டர் லீவில் இல்லை. இன்று சனிக்கிழமை. அவர் வீடு இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. அத்தானுக்கு முழங்கால் வலி என்பதால் ஏறக் கொஞ்ச நேரம் ஆகும், நாளைக் காலையிலேயே எழுப்பி அனுப்பிவிடு. என்ன பேச வேண்டும் என்று நான் எழுதித் தரமாட்டேன்.