ஆறு தாண்டிய தவளை

காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் அறையில் கேக் வெட்டுகிறார்கள் என்றால் யாருக்கோ பிறந்தநாள் என்றுதானே நினைப்போம்? ஆய்வு முகாமில் அன்று வெட்டிய கேக் ஒரு தவளைக்காக.

"கட்டைவிரல் அளவுகூட இல்ல! அவ்வளவு பெரிய ஆத்தைத் தாண்டி வந்திருக்கு!" டாக்டரம்மா துள்ளிக் குதிக்காத குறை. டாக்டர் என்றால் மனிதர்களுக்கு மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை. இருபது வருடமாக மழைக்காடுகளில் தவளை, பல்லி, அரணை, பாம்பு என்று கணக்கெடுத்துத் திரிகிறவர். அவர் இத்தனை சந்தோஷமாக இருந்து முகாமில் யாரும் பார்த்ததில்லை.

அந்தத் தவளையைப் பிடித்தவனோ வாயில் கேக்கை வைத்துக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முகாமில் கழுகு என்று பெயர். சும்மா சொல்லக் கூடாது, பயல் சருகுக் குவியலை ஒரு பார்வை பார்த்தால் போதும், உள்ளே பதுங்கியிருக்கிற அத்தனையும் அவன் கண்ணில் பட்டுவிடும். ஆனால் அந்தக் கண்ணில் ஒரு கோளாறு உண்டு. சிவப்புக்கும் பச்சைக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டும் ஒரே சேற்று நிறம்.

வேறு எந்த வேலையாக இருந்தாலும் சமாளித்திருக்கலாம். இங்கே பிடிக்கிற ஒவ்வொரு தவளைக்கும் தொடைத் தோலுக்கு அடியில் ஊசியால் வண்ணப் புள்ளிகள் வைத்துவிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். எந்தத் தொடையில் எந்த நிறம் என்பதுதான் அந்தத் தவளையின் விலாசம். மறுபடி சிக்கும்போது நிறத்தைப் படித்தால், ஆள் யார், எங்கிருந்து வந்தான் என்று தெரிந்துவிடும்.

இரண்டு வருடம் வண்டி ஓடியது. கழுகு பிடிப்பான், கூட வேலை பார்த்த பெண் கேட்காமலே நிறத்தைச் சொல்வாள், அவன் எழுதிக்கொள்வான். மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் பிரசவ லீவில் போனாள். அன்றிலிருந்து பயல் குத்துமதிப்பாக எழுதிக்கொண்டிருக்கிறான். அப்படி ஒருநாள், காட்டில் கயிறு கட்டிப் பிரித்த ஏழாம் கட்டத்தில் பிடித்த தவளைக்கு "சிவப்பு, சிவப்பு" என்று எழுதி வைத்தான். சிவப்பு-சிவப்பு ஆற்றுக்கு அக்கரையில் பிடித்த தவளையின் விலாசம்!

கேக் தீர்ந்ததும் மச்சானை இழுத்துக்கொண்டு சாமான் அறைக்குப் போனான். மச்சான் அவனுடைய அக்கா புருஷன். முகாமில் கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றுகிறவர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும், படிவத்தில் "பார்வைக் குறை இல்லை" என்று நிரப்பியதும் அவர்தான்.

"மச்சான், அந்தத் தவளை ஆத்தையெல்லாம் தாண்டல."

"நீ பாத்தியா?"

"நான் பாத்தது சிவப்பா பச்சையான்னு எனக்கே தெரியாதே!"

மச்சான் கதவைச் சாத்தினார். "என் கல்யாணத்துக்கே ஒரு கால்ல சிவப்பு சாக்ஸ், ஒரு கால்ல பச்சை சாக்ஸ் போட்டுட்டு வந்தவன்தானே நீ. இதப் பாரு மாப்ளே, அடுத்த மாசம் உன் வேலை நிரந்தரமாகுது. இப்பப் போயி வாயைத் தொறந்தா உங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது? தவளை என்ன, கோர்ட்ல வந்து சாட்சியா சொல்லப் போகுது?"

நியாயம்தான். இந்த வேலை போனால் கழுகுக்கு வேறு போக்கிடம் இல்லை. முன்பு துணிக்கடையில் நாலே நாள் இருந்தான், ஐந்தாம் நாள் முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். இந்த ஈரச் சருகு வாசனையில்தான் அவன் முதன்முதலாகத் தன்னையும் ஒரு கெட்டிக்காரனாக நினைத்தான். அதை விட்டுவிட அவனுக்கு மனசே வரவில்லை.

ஆனால் ஆபீஸ் அறையில் டாக்டரம்மா தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தார். நாளைக்கு இது பொய் என்று தெரிந்தால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும், அவரைப் பார்த்து. பாவம், அந்த அம்மா இவனை நம்பித்தானே இவ்வளவு கும்மாளம் போட்டார்!

"மேடம், அனுப்பாதீங்க." கழுகு அவர் மேசை முன்னால் போய் நின்றான். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

டாக்டரம்மாவின் முகம் செத்துப்போயிற்று. "எத்தனை தவளை இப்படி?"

"நூத்தி நாப்பத்தாறு மேடம்."

"நூத்தி நாப்பத்தாறும் குப்பை! தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?" மேசையில் ஓங்கி அடித்தார். அப்புறம் எழுந்து பூட்ஸை மாட்டினார். "வா. அந்தத் தவளையைக் காட்டு. நீங்களும் வாங்க," என்று வாசலில் பம்மிக்கொண்டிருந்த மச்சானையும் கூப்பிட்டார்.

ஏழாம் கட்டத்தில் அரைமணி நேரம் டாக்டரம்மா முட்டி போட்டுத் தேடினார். மச்சான் சேற்றில் வழுக்கி இரண்டு தடவை உட்கார்ந்தார். ஒன்றும் அகப்படவில்லை. கழுகு தேடவே இல்லை, தலை குனிந்து நின்றான்.

"உங்க இடது முட்டிகிட்ட இருக்கு மேடம்," என்றான் கடைசியில்.

ஒரு கல்லோரத்தில் சருகோடு சருகாக இருந்தது. ஈரக் கையால் எடுத்துத் தொடையைப் பார்த்தார். பச்சை, பச்சை. நோட்டைப் புரட்டினார். "போன வருஷம் இதே கல்லுக்குக் கீழ புடிச்சது. ஆறு தாண்டினானாம் ஆறு! ஒரு வருஷத்துல மூணு அடி நகரல, சோம்பேறி!" கோபத்தை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

மச்சானும் தைரியம் வந்து சிரித்தார், பக்கத்துச் செடியில் கையை ஊன்றப் போனார்.

"மச்சான், கை வைக்காதீங்க! காதுகிட்ட பாம்பு!"

மச்சான் சிலையாகிவிட்டார். டாக்டரம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இலை, கொடி, மறுபடி இலை. நாக்கு நீண்ட பிறகுதான் தெரிந்தது, கொடிபோல ஒரு பச்சைப் பாம்பு. மச்சானை மெல்ல இழுத்து நகர்த்திவிட்டுக் கேட்டார்.

"பச்சை இலையில பச்சைப் பாம்பு, உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"பச்சையான்னு தெரியாது மேடம். பாம்புன்னு தெரியும்."

 "நாங்கல்லாம் கலர்ல ஏமாந்து போறோம்டா," என்றார் டாக்டரம்மா. "உனக்கு ஏமாற வழியில்ல. இத முதல் நாளே சொல்லித் தொலைச்சிருந்தா உன்னை வச்சு நான் எவ்வளவு செஞ்சிருப்பேன்! சரி, அந்த நூத்தி நாப்பத்தாறையும் திரும்பப் புடிச்சுக் குடு. வேலை நிரந்தரத்துக்கு நானே கையெழுத்துப் போடறேன். ஆமா, படிவத்துல பொய் எழுதினது யாரு?"

கழுகு குனிந்து காலிலிருந்த சேற்றை வழிக்க ஆரம்பித்தான். மச்சான்தான் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"நல்லது. பிரசவ லீவு முடிஞ்சு அந்தப் பொண்ணு வர்ற வரைக்கும் கலர் சொல்றது நீங்கதான்."

மறுநாள் காலை ஒன்றாம் கட்டத்தில் முதல் தவளையைப் பிடித்து மச்சான் தூரமாக நீட்டிய கையில் வைத்தான் கழுகு. பிறந்ததிலிருந்து யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வி. காடே அதிரும்படி கேட்டான்.

"மச்சான், இது என்ன கலர்?"

"கறுப்பு! ஒரே கறுப்பு!"

"கண்ணைத் தொறந்து பாத்துச் சொல்லுங்க மச்சான்."