பத்தொன்பது குண்டூசிகள்

உலகம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் நாலாயிரம் பேர் தேறாத மதம் அது. அதற்குள்ளும் இரண்டு கட்சி. கண்ணை மூடிக்கொண்டு பிரார்த்திப்பவர்கள் தெருவுக்கு இந்தப் பக்கம். திறந்துவைத்துப் பிரார்த்திப்பவர்கள் அந்தப் பக்கம். இரு சபைகளுக்கும் கீழே அலுவலகம், மாடியில் செயலாளர் வீடு.

மூடிய கண்ணர் சபையின் செயலாளருக்கு நான்கு நாளாக இருப்புக்கொள்ளவில்லை. சிறுபான்மை மதங்கள் எந்தெந்த நாடுகளில் பரவியிருக்கின்றன என்று ஒப்பிட்டுப் புத்தகம் போடும் ஆய்வாளர் அம்மாள் வெள்ளிக்கிழமை வருகிறார். இரண்டு சபையும் அடுத்தடுத்த வரியில் அச்சாகப் போகின்றன. யார் மேலே, யார் கீழே என்பதுதான் கேள்வி.

அலுவலகச் சுவரில் உலகப்படம். சபைக்காரர் ஒருவர் போய் முதல் பிரார்த்தனை செய்த நாட்டில் ஒரு சிவப்புக் குண்டூசி குத்துவார்கள். அப்படிப் போனவரின் காலத்துக்குப் பிறகுதான் அதைப் பிடுங்கலாம். உயிரோடு இருப்பவரின் ஊசியைத் தொட்டால் அவருடைய ஆயுளுக்கு ஆகாது. இந்த நம்பிக்கையின் புண்ணியத்தில், சபை இளைத்தாலும் படம் இளைக்கவே இல்லை. பத்தொன்பது ஊசி. எதிர்ச்சாரியில் இருபத்தொன்று என்று கேள்வி. செயலாளர் படத்தைத் துடைப்பார், உட்காருவார், எழுந்து ஜன்னல் வழியே எதிர்ச்சாரியைப் பார்ப்பார், மறுபடி துடைப்பார்.

செவ்வாய்க்கிழமை மகள் போன் செய்தாள். ஒப்பந்த நர்ஸ், இப்போது ஏதோ ஒரு தீவில்.

"வேலைய விட்டுட்டேன்ப்பா. வெள்ளிக்கிழமை காலைல வந்துடறேன்."

"வெள்ளிக்கிழமையா? ஞாயித்துக்கிழமை வாயேன்மா."

"ஏன்?"

"அந்தத் தீவுல நம்மாளு நீ ஒருத்திதானே. ஆய்வாளர் வந்துட்டுப் போற வரைக்கும்..."

"ஊசிக்குக் காவல் இருக்கச் சொல்றீங்க."

"அப்படிச் சொல்லல."

"போன மாசம் காய்ச்சல்ல ஒம்போது நாள் கிடந்தேன். உங்க பத்தொம்போது நாட்டுல இருந்து யாரு வந்தா? கூடத் தங்கியிருக்கிறவதான் கஞ்சி வச்சுக் கொடுத்தா. யாருன்னு கேளுங்க. எதிர்ச்சாரிச் செயலாளர் பொண்ணு."

செயலாளர் போனோடு ஜன்னலுக்குப் போனார். "ஒரே வீட்டுலயா?"

"ஒரே அறையில. நான் கண்ண மூடிப் பிரார்த்தனை பண்ணுவேன், அவ திறந்து வச்சுப் பண்ணுவா. அடுப்புல பால் இருந்தா அவ பாத்துப்பா."

அவருக்கு வேறு கவலை. "அவளும் கிளம்பறாளா?"

"அவ அப்பாவும் இதையேதான் கேட்டாரு," என்று சொல்லிவிட்டு மகள் போனை வைத்துவிட்டாள்.

ஒன்பது நாள் காய்ச்சல். செயலாளரின் மனைவி அதைக் கேட்டுவிட்டு மூன்று நாள் அவரோடு பேசவில்லை. தட்டு மட்டும் சத்தமாக வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் அம்மாள் நோட்டோடு வந்தார். செயலாளர் அளவுகோலால் படத்தைத் தொட்டுக்கொண்டே, "ஐந்து கண்டங்களிலும் எங்கள் ஒளி..." என்று ஆரம்பித்தார்.

"ஒவ்வொரு ஊசிக்கும் எத்தனை பேர் சார்?"

இப்படி ஒரு கேள்வி இருப்பதே செயலாளருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அளவுகோல் அந்தரத்தில் நின்றது.

"இந்தத் தீவுல யாரு இருக்காங்க?"

"நான்தான் இருந்தேன்," என்றது வாசல். மகள் பெட்டியோடு நின்றாள். கன்னம் ஒட்டி, சட்டை இரண்டு சுற்றுப் பெரிதாகத் தொங்கியது.

ஆய்வாளர் அம்மாள் விரலை நகர்த்தினார். "இங்க?"

"அதுவும் நான்தான். ரெண்டு வருஷம்."

"இது?"

"நான்தான். பனி நாடு. ஆறு மாசம் தாங்கினேன்."

விரல் ஆறு ஊசிகளில் நின்றது. ஆறும் அவள். செயலாளர் படத்தைப் பார்க்கவில்லை. மகளுடைய மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்கடிகாரம் வளையல் மாதிரி முழங்கை வரை ஓடியது.

"அப்போ இந்த ஆறை எடுத்துடலாமா சார்?" ஆய்வாளர் அம்மாளின் கை படத்தை நோக்கிப் போனது.

"தொடாதீங்க." குரல் அவருடையதா என்று அவருக்கே சந்தேகம். "உங்க நோட்டுல பதிமூணுன்னே போட்டுக்குங்க. கீழ் வரியிலயே போடுங்க. ஊசி மேல மட்டும் கை வைக்காதீங்க, அது என் பொண்ணு."

பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். "மேல போம்மா. அம்மா மூணு நாளா உனக்காகத்தான் என்கூடப் பேசாம இருக்கா."

ஆய்வாளர் அம்மாள் எழுதி முடித்து, எதிர்ச்சாரிக்குக் கிளம்பினார். செயலாளர் ஜன்னலுக்குப் போனார். மகள் வந்த டாக்சி இப்போது அந்தப் பக்கம் நின்றது. இன்னொரு பெண் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். படியில் நின்ற எதிர்ச்சாரிச் செயலாளர் கண்ணை மூடி மூடித் திறந்தார்.

"அம்மா, ஒரு பத்து நிமிஷம் உக்காந்துட்டுப் போங்க," என்றார் இவர். "அந்தப் பொண்ணு இப்பதான் வந்து இறங்கறா. மனுஷன் கொஞ்சம் பாத்துக்கட்டும்."

ஆய்வாளர் அம்மாள் உட்கார்ந்தார். செயலாளரால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் படத்துக்கும் இரண்டு நடை போட்டுவிட்டு அருகில் வந்தார்.

"அங்க எத்தனைன்னு மட்டும், முடிஞ்சதும் ஒரு போன் போட்டுச் சொல்லிடறீங்களா?"