பொழுது போன பிறகு வந்த பையன்

ஒன்பதாம் வகுப்பில் கெட்டுப்போகக் கூடிய பையன் யார் என்று செஞ்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: தனசேகரன். சண்டை போடுவான், அடுத்தவன் சோற்றுத் தூக்கைக் காலி செய்வான். அம்மா இல்லை, அப்பா சாராயக் கேஸில் உள்ளே. இதைக் கண்டுபிடிக்க ஆசிரியர்கள் கூட்டம் வேறு போட்டார்கள். இன்னொரு தடவை திருடினால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவேன் என்றார் தலைமையாசிரியர். கணக்கு வாத்தியார் பார்சுவநாதன் மட்டும், "எங்கிட்ட வுடுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்றார்.

அன்றிலிருந்து, அரிசி மில்லில் தவிட்டு மூட்டை தூக்கி முடித்துவிட்டு, விளக்கு வைத்த பிறகு அவர் வீட்டுக்கு வருவான். கணக்கு சொல்லிக் கொடுத்தார், சட்டை தைத்துக் கொடுத்தார். பையனும் சண்டையை விட்டான். ஆனால் அது சமணர் வீடு. பொழுது ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் சாப்பிட்டு அடுப்பை அணைத்துவிடுவார்கள். இருட்டிய பின் ஒரு பருக்கை வாயில் படாது. அந்த நேரத்தில் வந்தவனை "சாப்டியா" என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை பேரும் தங்கமான மனிதர்கள். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

மாசி மாதம் தனசேகரன் இன்னொரு பையனின் சோற்றுத் தூக்கோடு பிடிபட்டான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதாடா?" என்றார் பார்சுவநாதன்.

"பொழுது போனா உங்க வூட்ல சோத்தத் தொடமாட்டாங்களே சார். நான் கேட்டா நீங்க போட்டுடுவீங்க. அப்புறம் உங்களுக்குத்தான பாவம்."

பார்சுவநாதன் தலைமையாசிரியரிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. டி.சி.யோடு வெளியே போன பையன் அப்புறம் ஊரிலேயே தென்படவில்லை.

சித்திரை அமாவாசைக்கு மறுநாள் செய்தி வந்தது. மேல்மலையனூர்க் கோயில் கூட்டத்தில் ஜேப்படி அடித்தான் என்று அவனைப் போலீஸ் பிடித்து வைத்திருந்தது. பார்சுவநாதனின் மனைவி தர்மவதி அழுதுகொண்டே சோறு கட்டிக் கொடுத்தாள். அவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

"இன்னா வாத்தியாரே, இந்தப் பய உங்களுக்கு இன்னா வேணும்?" என்றார் ஸ்டேஷனில் ஏட்டு.

அவர் வாயைத் திறப்பதற்குள் தனசேகரன் முந்திக்கொண்டான். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"இவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. பெரிய மனுசரு, அனுப்பிடுங்க."

"பொய் சொல்றான் ஐயா, என் பையன்தான் அவன்" என்று பார்சுவநாதன் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏட்டு நம்பவில்லை.